ஸ்டிக்கராகிப் போன என் முகம்: கறுப்பு ஜோக்குக்கு நானும் சிரித்தே ஆக வேண்டுமா?

வைப்பாற்றுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். சாத்தூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டலில் யாரிடமும் இதை முழுசாகப் பேச முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சிரிப்பு பிடிக்கும். சிரிக்க வைப்பது அதைவிடப் பிடிக்கும். காலையில் தண்ணீர் திறந்து விடுவதற்கு முன்னால் பாத்ரூம் வாசலில் பக்கெட்டுகள் வரிசையில் நிற்குமே, அதற்கு நான் கிரிக்கெட் வர்ணனை சொல்வேன். "மூணாவது மாடியிலிருந்து நீலப் பக்கெட் களமிறங்குது, எதிர்முனையில உடைஞ்ச கைப்பிடியோட ஒரு சிவப்புப் பக்கெட், ஆட்டம் முழுக்க வார்டன் கையில" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே போகும். பக்கத்து பிளாக்கிலிருந்து பல் விளக்கிக்கொண்டே வந்து கேட்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷத்தில் கரண்ட் போன ஒரு ராத்திரி யாரோ என்னைப் போட்டோ எடுத்தார்கள். நான் நல்ல கறுப்பு, அதில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். "லைட்டப் போடுங்கடா" என்று எழுதி அதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக்கினார்கள். பரீட்சை தள்ளிப்போனால் அந்த ஸ்டிக்கர், மெஸ்ஸில் பூரி போட்டால் அந்த ஸ்டிக்கர். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் "ஃபீல் ஆயிட்டான்" என்று அதற்கும் ஒரு ஸ்டிக்கர் வரும்.

இந்தத் தடவை கல்ச்சுரல்ஸுக்குத் தொகுப்பாளர் பேசுவதை முழுக்க எழுதியது நான். ஒத்திகையில் நானே பேசிக் காட்டினேன், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் கமிட்டி சீனியர் ஒருவர் சொன்னார்: "ஸ்கிரிப்ட் உன்னோடது, சூப்பர். மேடைல அவன் நிக்கட்டும். வீடியோ எல்லாம் காலேஜ் பேஜ்ல போகும். நீ நின்னா முகமே வராது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டிக்கருக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

எனக்குக் கோபம் அந்த இடத்தில்தான் வந்தது. இத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகியதால், என் இடத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுத்தது அங்கே ஒருவருக்கும் அநியாயமாகப் படவில்லை. அதுவும் ஜோக்காகவே போய்விட்டது. இதற்கு என்ன செய்வது?

மூன்றாம்பெஞ்ச்:
நண்பா, வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் செட்டில் குண்டன், ஒட்டடைக்குச்சி, சோடாபுட்டி எல்லோரும் உண்டு. யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஒருத்தனுக்கு ஆக்சிடென்ட் ஆனபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தது இந்தக் கிண்டல் பண்ணுகிற பசங்கதான். எல்லாவற்றையும் மனசில் ஏற்றிக்கொண்டால் கல்லூரி வாழ்க்கையே போய்விடும். மேடை விஷயம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஸ்டிக்கரை அதோடு சேர்க்காதே.

தறிச்சத்தம்:
நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, கரூர் மாவட்டம்.

//ஸ்டிக்கரை அதோடு சேர்க்காதே//

இரண்டும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன, தம்பி. நான் அதை ஆறாம் வகுப்பிலேயே பார்க்கிறேன். ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பிரிந்து நிற்பார்கள். வெளுப்பான பெண் பாரதமாதா, வெளுப்பான பையன் ராஜா. கறுத்த பிள்ளைகள் அரக்கன், காவலாளி, மரம். அந்த மரம் வேஷத்துக்கு நின்ற பிள்ளைக்குத்தான் வசனம் தெள்ளத் தெளிவாக வரும். பாரதமாதாவுக்கு அது திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும். உங்கள் கல்லூரியில் நடந்ததும் இதேதான், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எங்கள் பள்ளியில் யார் வசனத்தை நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கே வேஷம் என்று நான் அடம் பிடிக்கிறேன். முதல் தடவை ஒரு தாய் வந்து, "என் மகளையா டீச்சர் ராணியாப் போட்டீங்க?" என்று நம்பாமல் கேட்டார்.

கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். கணவரின் பதவிக்காலம் வெள்ளை என்றால் இவருடையது கறுப்பு என்று ஒருவர் சொன்னாராம். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளரிடமே அப்படிச் சொல்ல முடிகிறது. நாலு வயதில் தன் அம்மாவிடம், "என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத் தர முடியுமா" என்று கேட்டதையும் அதில் எழுதியிருந்தார். நாலு வயதுக் குழந்தைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? வீட்டில், தெருவில், கல்யாண வீட்டில் அன்பாகக் கிண்டல் செய்த பெரியவர்கள்தான். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கக் கிடக்கக்கூடியவர்கள்தான்.

வைப்பாற்றுக்காரன்:
நன்றி டீச்சர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள், என் நிறம்தான். சித்தி வரும்போதெல்லாம், "மார்க்கு இருக்கட்டும், கலர் கொஞ்சம் ஏறணுமே" என்பார். போன தடவை நான் ஊருக்குப் போனபோது அவள் ஒரு கிரீம் வாங்கி வரச் சொன்னாள். பெயர் ஒட்டாத ஒரு சின்ன டப்பாவின் படத்தை அனுப்பினாள், அவள் தோழி அதைத் தடவி நன்றாக வெளுத்திருக்கிறாளாம். நான் வாங்கவில்லை. அவளிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

லென்ஸ்மேன்_மதுரை:
//நீ நின்னா முகமே வராது//

தம்பி, நான் கல்யாண போட்டோகிராஃபர். இந்த வரியைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வராது என்பது சுத்தப் பொய். எடுக்கத் தெரியவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேமரா ஒளியை அளக்கும்போது, எதிரே இருப்பதெல்லாம் சேர்த்துச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். உங்கள் மேடையில் பின்னால் பெரிய எல்இடி திரை பளீரென்று எரியும். கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடுகிற ஒளியை, குறைத்துவிடும். முன்னால் நிற்பவர் முகம் இருண்டுவிடும். கறுத்தவர் முகம் கூடுதலாக இருளும், வெளுத்தவர் முகம் தப்பித்துவிடும். அப்போது ஒரு சின்ன இடத்தின் ஒளியை மட்டும் அளக்கிற ஸ்பாட் மீட்டரிங்கை முகத்தின் மேல் வைத்து, எக்ஸ்போஷரை அந்த முகத்துக்கு ஏற்றபடி சரிசெய்து எடுக்க வேண்டும். விளக்கை நேராக மூஞ்சியில் அடிக்காமல் பக்கவாட்டில் மென்மையாகக் கொடுத்தால், கறுப்புத் தோலில் விழுகிற ஒளி மாதிரி அழகு வேறு எதிலும் கிடையாது. கன்னத்து எலும்பு, தாடை எல்லாம் செதுக்கினாற்போல நிற்கும். இதை நான் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.

இந்தக் கோளாறு பழசு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் கலர் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். பல வருஷம் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண் மட்டும்தான். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோலுக்காக அந்த ஃபிலிமைத் திருத்தவும் இல்லை. 1970களில் மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும், எங்கள் பொருளின் கரும்பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் நகர்ந்தார்கள். 2021இல் கூகுள் பிக்சல் போனில் கறுப்புத் தோலுக்கென்று தனியாக வேலை செய்தோம் என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு லேட்டாகத்தான் அந்த யோசனையே வந்திருக்கிறது.

இன்றைக்கும் ஆல்பம் வாங்க வரும் பெற்றோர், "பொண்ணுக்குக் கலர் கொஞ்சம் ஏத்திடுங்க" என்பார்கள். நான் ஏற்றுவதில்லை. இரண்டு மூன்று ஆர்டர் போயிருக்கிறது. போகட்டும். கல்யாணத்தன்றைக்கு ஒரு பெண் எப்படி இருந்தாளோ அப்படியே அவள் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

மருந்துக்கடை_அக்கா:
தங்கச்சி விஷயத்துக்கு அவசரமாகப் பதில் எழுதுகிறேன். அந்த டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

நான் திருநெல்வேலியில் மருந்தாளுநர். பெயர் ஒட்டாத டப்பாக்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். முதலாவது ஸ்டீராய்டு. மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாய்ன் மூன்றும் கலந்த டியூப் ஒன்று உண்டு. மங்குக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது. அதைப் பையன்களும் பெண்களும் மாசக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். முதலில் பளிச்சென்றுதான் இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு கொத்துக் கொத்தாக வரும், வெயிலில் நின்றால் எரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும், அதனால் திரும்பப் பூசுவார்கள். 2018இல் இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட்டது. ஆனாலும் சீட்டில்லாமல் கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் குறையவில்லை. நான் கொடுப்பதில்லை.

இரண்டாவது பாதரசம். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் உருவாவதையே அது தடுக்கும். தோலோடு நிற்காது, உடம்புக்குள் போகும். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரே மருத்துவமனையில் 22 பேருக்கு ஒரு வகைச் சிறுநீரக நோய் கண்டார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அந்த நோயிலேயே அபூர்வமான ஒரு வகை. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கால் வீங்கி, சிறுநீரில் நுரை தள்ளி வந்திருக்கிறார்கள். தங்கச்சியின் தோழி பூசிக்கொண்டிருந்தால் அவளும் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும், சிறுநீரையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டாக இருந்தால் தானாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி குறைக்கட்டும்.

தங்கச்சியைத் திட்டாதீர்கள். சித்தியிடம் பேசுங்கள். 1975இல் ஒரு கம்பெனி ஃபேர் அண்ட் லவ்லி என்று டியூபில் போட்டு விற்க ஆரம்பித்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்ற பிறகு உலகமே பேசியபோது அந்தப் பெயரில் ஃபேரை எடுத்து குளோ என்று மாற்றினார்கள். இடைப்பட்ட 45 வருஷத்தில் அந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்தான் உங்கள் சித்தியும். அவருக்கும் யாரோ இதே மாதிரி சொல்லியிருப்பார்கள்.

தெற்குத்தெரு:
ஒன்றைச் சொல்லாமல் இந்த இழை போய்க்கொண்டிருக்கிறது. நிறத்தைப் பேசுகிறோம், சாதியைப் பேசவில்லை.

நான் பட்டியல் சமூகத்துப் பையன், மாநிறம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருவன், "உன்னப் பாத்தா அப்படித் தெரியலயே மச்சி" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எப்படித் தெரிய வேண்டும் என்று அவன் மனசில் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பது கறுத்த முகம். "எந்த ஊரு" என்று தொடங்கி "அந்த ஊர்ல எந்தத் தெரு" என்று முடிகிற விசாரணையை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுவும் சிரித்துக்கொண்டேதான் நடக்கும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்னால் அவன் பள்ளியில் சாதி சொல்லிச் சீண்டப்பட்டான், அதைப் புகாராகச் சொன்னான், அதற்குத்தான் அரிவாள். அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் போடக் கூடாது என்று அதில் பரிந்துரைத்தார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். முகத்தைப் பார்த்து இவன் கீழே என்று முடிவு செய்கிற கண்ணை என்ன செய்வது?

மூன்றாம்பெஞ்ச்:
அது வேறு இது வேறு இல்லையா? எல்லாச் சாதியிலும் கறுப்பானவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பு, தம்பி சிவப்பு.

தெற்குத்தெரு:
இருக்கிறார்கள். நிறத்தை வைத்துச் சாதி சொல்லவே முடியாது, நானே அதற்குச் சாட்சி. ஆனாலும் சொல்ல முடியும் என்று நம்புகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். கறுத்த பையன் பெரிய வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும் கிண்டல் செல்லமாகிவிடும். எங்கள் பையன் என்றால் அது இன்னும் ஒரு படி இறங்கும். ஒரே ஜோக்தான், விழுகிற இடத்தைப் பொறுத்துக் கனம் மாறுகிறது.

கிள்ளான்_வாசகி:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளியில் மற்ற இனத்துப் பிள்ளைகள் எங்களைக் கெலிங் என்பார்கள், அது இந்தியர்களை இழிவாகச் சொல்லும் சொல். ஹீத்தாம், அதாவது மலாயில் கறுப்பு, என்பார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே மாமாவும் அத்தையும் கறுப்பி என்று கூப்பிடுவார்கள். வெளியே நடப்பது இனவெறி என்று எங்கள் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதை எதிர்த்துப் பேசவும் செய்வார்கள். வீட்டுக்குள் நடப்பதற்கு மட்டும் பேச்சே இருக்காது. தம்பி, உன் கோபம் நியாயமானது. விட்டுவிடாதே.

மட்டுறுத்துநர்:
கல்லூரியின் பெயரைக் கேட்டு அவருக்குத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். அந்த சீனியர் யார் என்று தேடுவதும் வேண்டாம்.

கோர்ட்டு_வாசல்:
சட்டக் கல்லூரி இறுதி ஆண்டு. இரண்டு விஷயம் சொல்கிறேன், இது கையில் இருந்தால் பேசுவது சுலபம்.

1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஒரு மாணவரைக் கேலி செய்வதும், விளையாட்டு என்ற பெயரில் சீண்டுவதும் அதன் வரையறைக்குள்ளேயே இருக்கின்றன. வெட்கமோ சங்கடமோ உண்டாக்குவது போதும், அடி விழ வேண்டியதில்லை. இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. அடுத்தது யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2009 விதிமுறைகள். அதில் 2016இல் திருத்தம் செய்து நிறம், சாதி, மதம், பாலினம், தோற்றம், மொழி, பிறந்த இடம், பொருளாதார நிலை இவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங் என்று சேர்த்தார்கள். நிறமும் தோற்றமும் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. முதலாம் ஆண்டுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், எந்த மாணவருக்கும் பொருந்தும்.

ஸ்டிக்கர், அதன் கீழே விழுந்த பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்கிரிப்டை உங்கள் மெயிலிலிருந்து உங்களுக்கே ஒரு முறை அனுப்பிவிடுங்கள், தேதியோடு இருக்கும். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுக்கலாம். அங்கே மூடி மறைத்தால் யுஜிசியின் இலவச எண் 1800-180-5522. நான் உடனே புகார் கொடுங்கள் என்று தள்ளவில்லை. நாங்குநேரியில் புகார் கொடுத்த பையனுக்கு என்ன ஆனது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் நம்பிக்கையான ஒரு பேராசிரியரிடமும், கூட நிற்கிற இரண்டு நண்பர்களிடமும் சொல்லிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
சரி, உண்மையாகவே கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. அப்புறம் எதை வைத்துத்தான் சிரிப்பது? கிண்டலே இல்லாத செட் எப்படி இருக்கும்?

வைப்பாற்றுக்காரன்:
நல்ல கேள்வி நண்பா. என் பக்கெட் வர்ணனைக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். அதில் யாருடைய உடம்பும் இல்லை. தண்ணீர் வராதது இருக்கிறது, அதற்கு ஃபீஸ் மட்டும் முழுசாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஐந்தரை மணிக்கே வந்து பக்கெட் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவன் இருக்கிறான். அவனே நான் அவன் பெயரைச் சொல்வேனா என்று காத்துக்கொண்டிருப்பான். ஒருத்தனைப் பற்றிச் சொல்லும்போது அடுத்த வரியை அவனே எடுத்துக் கொடுத்தால் அவனும் விளையாட்டில் இருக்கிறான் என்று அர்த்தம். நான் இதைக் கல்லூரிக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் வேன் வரும்வரை பேசுவதைக் கேட்டு வளர்ந்தேன். மேஸ்திரியிலிருந்து கலெக்டர் வரைக்கும் எல்லோரும் அவர்கள் வாயில் விழுவார்கள். கூட உட்கார்ந்திருப்பவளின் மூஞ்சியைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

என் ஸ்டிக்கரில் எனக்கு ஒரு வரியும் கிடையாது. அதில் நான் சும்மா இருக்கிறேன், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அது எனக்கு வேண்டாம்.

மூன்றாம்பெஞ்ச்:
புரிகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்த பசங்களிடமும் இதைக் காட்டப் போகிறேன்.

வைப்பாற்றுக்காரன்:
எல்லோருக்கும் ஒரு தகவல். நேற்று எங்கள் துறைப் பேராசிரியை ஒருவரிடம் ஸ்கிரீன்ஷாட்டோடு போய்ச் சொன்னேன். என் அறை நண்பர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். அப்புறம் கமிட்டியிடம் நேராகச் சொன்னேன்: நான் மேடையில் பேசினால் ஸ்கிரிப்ட் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. சத்தம் போடவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன ஜோக்குக்குச் சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அறையில் ஒருவரும் பேசவில்லை. பேராசிரியை வந்து கேட்ட பிறகு, இரண்டு பேர் சேர்ந்து தொகுக்கலாம் என்றார்கள். பாதி எனக்கு, பாதி அந்த இன்னொரு பையனுக்கு. முழுசாகக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எழுதியவன் நான். இதைக் கல்ச்சுரல்ஸ் முடிந்ததும் எழுத்தில் கொடுக்கப் போகிறேன், அடுத்த வருஷம் வேறு யாருக்கும் இப்படி ஆகக் கூடாது. குழுவில் ஸ்டிக்கரைச் சில பேர் அழித்துவிட்டார்கள். சில பேர் இன்னும் போடுகிறார்கள்.

தங்கச்சியிடம் மருந்துக்கடை அக்கா எழுதியதை அப்படியே அனுப்பினேன். தோழியிடம் காட்டிவிட்டாளாம். அந்தப் பெண்ணுக்கு முகம் எரிகிறது என்று இப்போதுதான் சொல்கிறாள். இரண்டு பேரும் திங்கட்கிழமை விருதுநகர் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள், அம்மாவும் கூடப் போகிறார். சித்தியிடம் பொங்கலுக்குப் போகும்போது நேரில் பேசுவேன்.

லென்ஸ்மேன் அண்ணா, மேடைப் போட்டோ எடுப்பது எங்கள் காலேஜ் கிளப் பையன்கள்தான். அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?

லென்ஸ்மேன்_மதுரை:
எல்இடி திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லு. மேடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு, முகத்துக்கு 45 டிகிரியில், முன்னால் வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ கட்டி. ஸ்பாட் மீட்டரிங், முகத்தின் மேல். பியூட்டி மோடு இருந்தால் அணைக்கச் சொல்லு. நீ பவுடர் போடாதே, வியர்வையை மட்டும் துடைத்துக்கொள். அடர்ந்த மஞ்சளோ மெரூனோ சட்டை இருந்தால் போடு. முந்தின நாள் சாயங்காலம் மேடையில் நின்று டெஸ்ட் ஷாட் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.